பூபாலன் மேலே ஏற்றிய கல்யாணம்

என் மச்சான் பூபாலனிடம் ஒரு பொருளைக் கொடுத்தால் அது பத்திரமாகத்தான் இருக்கும். எங்கே பத்திரமாக இருக்கிறது என்று கேட்டால்தான் அவனுக்குக் கோபம் வரும். எங்கள் வீட்டு டார்ச் லைட் ஒன்று அவனிடம் வருடக்கணக்கில் பத்திரமாக இருக்கிறது. கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் நான் வேறு வாங்கிக்கொண்டேன்.

நெல்லிவாசல்நாட்டில், மலைமேல் இருக்கும் எங்கள் ஊரில் கம்ப்யூட்டர் இருக்கும் வீடு அவனுடையது ஒன்றுதான். அதற்கு மஞ்சள் துணியில் உறை தைத்துப் போட்டிருக்கிறான். ஆயுதபூஜைக்கு மாலை போட்டு எலுமிச்சம்பழம் நசுக்குகிறான். வாசலில் ‘பூபாலன் டிஜிட்டல்ஸ்’ என்று ஒரு போர்டு தொங்குகிறது. மலையில் நடக்கும் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எல்லாவற்றுக்கும் போட்டோ வீடியோ அவன்தான். வேறு ஆள் கீழேயிருந்து வருவதற்குள் தாலி கட்டி முடிந்துவிடும் என்பதால் அவனுக்குப் போட்டியும் கிடையாது.

கம்ப்யூட்டரிடம் அவனுக்கு இருக்கும் மரியாதை மனுஷரிடம் கிடையாது. அது ஆங்கிலத்தில் என்ன கேட்டாலும் ‘ஆம்’ என்ற பொத்தானைத்தான் அழுத்துவான். படித்துப் பார்க்க மாட்டான். பெரியவர்கள் கேட்கும்போது எதிர்த்துப் பேசக்கூடாது என்று சின்ன வயதில் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அதை அவன் கடைப்பிடித்த ஒரே இடம் அந்தப் பெட்டிதான்.

நான் மலைக்கு ஏறி இறங்கும் பஸ்ஸில் கண்டக்டர். மீசை அரும்பியவனை மடியில் உட்காரவைத்து, “கொயந்தைக்கு இன்னும் அஞ்சு முடியலீங்க” என்று சொல்பவர்கள் நடுவில் காலம் தள்ளுகிறவன். யார் சொல்வது பொய் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். பூபாலன் விஷயத்தில் மட்டும் அந்தத் திறமை செல்லாது. ஏனென்றால் அவன் பொய் சொல்வதில்லை. அவன் சொல்வதை அவனே முழுசாக நம்புகிறான். அப்படிப்பட்டவனிடம்தான் என் மகள் சுவேதாவின் கல்யாண வீடியோவைக் கொடுத்துவைத்திருந்தேன்.

கல்யாணம் வைகாசியில் படவேட்டில் ஒரு மண்டபத்தில் நடந்தது. மாப்பிள்ளை தமிழ்மணி, ஆரணியில் ஒரு பைக் ஷோரூமில் வேலை பார்க்கிறார். அப்பா இல்லை. அவருடைய அம்மா ரேணுகாதேவிதான் எல்லாம். அந்தக் குடும்பமும் ஒரு காலத்தில் மலையில் சாமை விதைத்த குடும்பம்தான். சந்தவாசலில் வீடு கட்டி இறங்கியதும் மலை அவர்களுக்குத் தூரமாகிவிட்டது. எங்கள் வீட்டுக்கு வந்தால் ரேணுகாதேவி, “இந்தக் குளுரு எப்பிடித் தாங்கறீங்க?” என்று கேட்பார். பிறந்தது எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊரில்.

மண்டபத்து வாசலில் மாப்பிள்ளை வீட்டு வேன் வந்து நின்றபோது, மாப்பிள்ளையின் தாய்மாமன் கோபால்சாமிக்கு ரோஜா மாலை போட்டு வரவேற்றது நான். என் கையால் போட்டேன். மாலை அவருடைய கண்ணாடியில் மாட்டிக்கொண்டு கண்ணாடி ஒரு காதில் தொங்கியது. பக்கத்தில் மாமனின் பையைப் பிடித்துக்கொண்டு நின்ற தமிழ்மணிதான் சிரித்துக்கொண்டே அதை எடுத்து மாட்டிவிட்டார். நல்ல பையன் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

கல்யாணம் முடிந்த கொஞ்ச நாளில் பூபாலனுக்கு ஒரு புதுக் கவலை பிடித்தது. பக்கத்து ஊரில் இடி இறங்கி ஒரு வீட்டில் டி.வி. கருகிப்போனது. நம் பெட்டி கருகினால் மலையில் நடந்த அத்தனை கல்யாணமும் போய்விடுமே என்று சாப்பிடாமல் கிடந்தான். சந்தவாசலில் செல்போன் கடை வைத்திருக்கும் அவனுடைய சிநேகிதன் அருணகிரிதான் வழி சொன்னான். வீட்டுக் கம்ப்யூட்டரில் உள்ளதையெல்லாம் நெட் வழியாக வாங்கி, தங்கள் இடத்தில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளும் கம்பெனி இருக்கிறதாம். பிடித்தால் பிறகு பணம் கட்டலாம், இப்போதைக்கு இலவசமாக வைத்துப் பார்க்கலாமாம். இலவசம் என்ற சொல் காதில் விழுந்ததும் பூபாலனுக்குப் பசி திரும்பியது.

எனக்கு அதை அவன் விளக்கிய அழகைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் விதைச் சாமையை ஒரே வீட்டில் வைப்பதில்லை. பாதி நம் குதிரில் இருக்கும், பாதி பங்காளி வீட்டுக் குதிரில் இருக்கும். நம் கூரை தீப்பிடித்தாலும் எலி புகுந்தாலும் விதைப்புக்கு அங்கே விதை இருக்கும். பங்காளியோடு பேச்சு அறுந்துபோன வருடத்தில்கூட விதையை மட்டும் ஒரு வார்த்தை பேசாமல் அளந்து கொடுத்துவிடுவார்கள். அது அங்கே இருக்கிற தைரியத்தில் நம் குதிரில் இருப்பதை வழித்து எடுத்து ஆக்கித் தின்பதும் உண்டு.

“அதே கணக்குதான் மாமா” என்றான் பூபாலன். “ஒண்ணு நம்ம வூட்ல, ஒண்ணு பங்காளி வூட்ல. நம்ம வூடு எரிஞ்சாக்கூட சுவேதா கல்யாணம் எரியாது.”

பங்காளி எந்த ஊர் என்று கேட்டேன். மேலே இருக்கிறான் என்று விரலைத் தூக்கிக் காட்டினான். நானும் அண்ணாந்து பார்த்தேன். ஓட்டில் ஒரு பல்லி இருந்தது.

எங்கள் ஊரில் போனைப் பலா மரக் கிளையில் கட்டித் தொங்கவிட்டால்தான் வீட்டுக்குள் கொஞ்சம் நெட் எட்டிப்பார்க்கும். அதில் ஒரு கல்யாணத்தை ஏற்றுவதற்குள் பேரன் பிறந்துவிடுவான். அதனால் பெட்டியை உறையோடு தூக்கிக்கொண்டு ஷேர் ஜீப்பில் சந்தவாசலுக்கு இறங்கினான். ஜீப்பில் புளி மூட்டைக்கும் கோழிக் கூடைக்கும் நடுவில் அதை மடியில் வைத்துக்கொண்டு, வளைவுகளில் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனானாம். அவன் குழந்தைகளை அப்படித் தூக்கி யாரும் பார்த்ததில்லை. அருணகிரியின் கடையில் பெட்டியை வைத்துவிட்டு அங்கேயே படுத்து, அங்கேயே குளித்து, எல்லாம் ஏறி முடிந்து பச்சை டிக் விழுந்ததும் திரும்பி வந்தான். ஊர் எல்லையில் ஒரு சூறைத் தேங்காய் உடைத்ததாகவும் கேள்வி.

வந்தவன் நம்மவர் வழக்கப்படி அடுத்த வேலையைச் செய்தான். பங்காளி வீட்டில் விதை போய்ச் சேர்ந்துவிட்டது. ஆவணி முகூர்த்தங்களுக்கு இடம் வேண்டும். அதனால் வீட்டுக் குதிரில் இருந்ததை வழித்துத் துடைத்துவிட்டான். சுவேதா கல்யாணம் உட்பட எல்லாவற்றையும் பெட்டியிலிருந்து அழித்தான். கேமரா கார்டை ஏற்கெனவே வேறொரு காதுகுத்துக்குத் துடைத்துப் போட்டிருந்தான். பிறகு ஒரு நாள் போனைப் பலா மரத்தில் கட்டினான். நெட் எட்டிப்பார்த்தது. உடனே கம்பெனி ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டது. உங்கள் வீட்டில் அழித்ததை எங்கள் வீட்டிலும் அழித்துவிடட்டுமா, சம்மதமா என்று கேட்டிருக்கிறது. மரியாதை தெரிந்த என் மச்சான் ‘ஆம்’ என்று அழுத்தினான்.

இது நடந்தது ஆனியில். எங்களுக்குத் தெரிந்தது ஆவணியில். நடுவில் ஆடி வந்தது.

புதுப் பெண்ணை ஆடிக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துவருவது எங்கள் வீட்டிலும் வழக்கம்தான். சுவேதா வந்தாள், மாதம் முழுக்க இருந்தாள், ஆவணியும் பிறந்தது. அழைத்துப்போக யாரும் வரவில்லை. பஸ்ஸில் ஏறுகிற ஒவ்வொருவரும் டிக்கெட் வாங்குவதற்கு முன்னால், “பொண்ணு போய்ட்டாளா?” என்று கேட்க ஆரம்பித்தார்கள். நான் மீதிச் சில்லறையை எண்ணிக்கொண்டே காது கேட்காதவன் போல் நகர்ந்துவிடுவேன். என் மனைவி பாஞ்சாலை, அதாவது பூபாலனின் அக்கா, தண்ணீர் எடுக்கக்கூட வெளியே போவதை விட்டுவிட்டாள். வீட்டுக்குள் சுவேதா சிரித்துப் பேசிக்கொண்டுதான் இருந்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குத்தான் தாங்கவில்லை.

கடைசியில் நானே சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டேன். ரேணுகாதேவி மரியாதையாகத்தான் பேசினார். அவருக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும்.

“என் தம்பிக்கு வாசல்ல மாலை போடலைன்னு என் சொந்தக்காரங்க எல்லாம் சொல்றாங்கண்ணா. தாய்மாமனுக்கு மரியாதை இல்லாத வூட்லருந்து பொண்ணு எடுத்துட்டேன்னு எனக்குத் தலை குனிவு. போட்டீங்கன்னா வீடியோவுல இருக்குமில்ல? அதை எடுத்துட்டு வரச் சொல்லுங்க, சுவேதாவ. எல்லாரையும் உக்கார வெச்சுப் போட்டுக் காட்டிடறேன்.”

என் கையால் போட்ட மாலையை நான் மூன்று மாதம் கழித்து நிரூபிக்க வேண்டும். சரி, வீடியோ இருக்கிறதே என்று நேராகப் பூபாலன் வீட்டுக்குப் போனேன். அவன் உற்சாகமாகப் பெட்டியின் உறையை நீக்கினான். இங்கே இல்லை மாமா, பங்காளி வீட்டில் இருக்கிறது என்று பலா மரத்தில் போனைக் கட்டினான். பிறகு திரையை மேலும் கீழும் தள்ளித் தள்ளித் தேடினான். அவன் முகம் வெளிறிப்போனதைப் பார்த்ததும், இடி எங்கே இறங்கியிருக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

“நம்ம வூட்ல தொடைச்சா அவன் வூட்ல எப்பிடி மாமா போகும்?” என்று கேட்டான். “எந்தப் பங்காளி மாமா அப்பிடிப் பண்ணுவான்?”

அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது என்பதுதான் எனக்கு எரிச்சல். எங்கள் மலையில் எவ்வளவு கெட்ட பங்காளியும் அப்படிச் செய்ய மாட்டான். ஆனால் நியாயத்தை வைத்துக்கொண்டு என் மகளைச் சந்தவாசலுக்கு அனுப்ப முடியாதே. பாஞ்சாலை வந்து தன் தம்பியை அவன் பிறந்த நேரத்திலிருந்து ஆரம்பித்துத் திட்டினாள். அவன் பெட்டிக்கு உறையைப் போட்டு மூடிவிட்டு மூலையில் உட்கார்ந்திருந்தான்.

வீடியோ போனால் என்ன, பார்த்த கண்கள் இருக்கின்றனவே என்று நான் கிளம்பினேன். முதலில் கோபால்சாமியிடமே போனேன். மாலை வாங்கிய கழுத்து அது. அவர் மோர் கொடுத்து உட்காரவைத்தார். மாலையைப் பற்றிக் கேட்டதும் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அன்றைக்கு ஒரே கூட்டம் என்றார், வெயில் என்றார். கடைசியில், “எங்க அக்கா சொன்னா சரியாத்தாங்க இருக்கும்” என்று முடித்துவிட்டார். அவருக்கு அக்காவிடம் ஏதோ நிலத்தில் பங்கு வர வேண்டியிருக்கிறது என்று பிறகு கேள்விப்பட்டேன். மோர் நன்றாகத்தான் இருந்தது.

மாப்பிள்ளைக்குச் சுவேதாவே போன் போட்டாள். என் எதிரில்தான் பேசினாள். நீங்கள்தானே கண்ணாடியை எடுத்து மாட்டிவிட்டீர்கள் என்று அவள் கேட்டாள். பதிலும் என் காதில் விழுந்தது. அந்தப் பக்கத்தில் தமிழ்மணி, வீடியோ வரட்டும், வந்தால் எல்லாம் சரியாகிவிடும், அம்மாவும் சமாதானம் ஆகிவிடுவார் என்று சொன்னார். ஞாபகம் இல்லை என்று சொல்லவில்லை. இருக்கிறது என்றும் சொல்லவில்லை. சுவேதா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ஆடியிலிருந்து அன்றைக்குத்தான் அவள் சிரிக்காமல் இருந்தாள்.

இதற்கு நடுவில் பூபாலன் சும்மா இருப்பானா? ஒரு யோசனையோடு வந்தான். அந்த மாலைக் காட்சியை மட்டும் மறுபடியும் எடுத்துவிடலாமாம். அதே மண்டபத்து வாசலில் ஒரு வேனை நிறுத்த வேண்டியது, அருணகிரிக்கு வெள்ளை வேட்டி கட்டி முதுகுப்பக்கமாக நிற்கவைக்க வேண்டியது, நான் மாலை போட வேண்டியது. கோபால்சாமிக்குத் தலையில் வழுக்கை இருக்கிறதே, அருணகிரிக்கு முடி அடர்த்தியாயிற்றே என்று கேட்டேன். அதைப் பற்றி அவன் யோசித்து வைத்திருந்தான். மழிக்கச் சம்மதம் வாங்கிவிட்டானாம். ஒரு பொய்யை நிரூபிக்க ஒருவன் மொட்டை அடிப்பான், சரி. நடந்த உண்மையை நிரூபிக்க மொட்டை அடிக்கத் தயாராக இருந்த ஒரே ஆள் அருணகிரிதான். அவனை நான் மறக்க மாட்டேன்.

அந்த மொட்டை அவசியப்படவில்லை. முடி போய்விடுமே என்ற பயத்திலோ என்னவோ, அருணகிரி அந்தக் கம்பெனியை நோண்டு நோண்டு என்று நோண்டியிருக்கிறான். அழித்ததை உடனே கொட்டிவிடாமல் கொஞ்ச காலம் ஒரு குப்பைக்கூடையில் வைத்திருப்பார்களாம். காசு கட்டியவர்களுக்குக் கூடை பெரியது, இலவசத்துக்கு வந்தவர்களுக்குச் சின்னது. பெரிய வீடியோக்கள் எல்லாம் வழிந்து போய்விட்டன. சின்னச் சின்னத் துண்டுகள் மட்டும் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, வந்து பாருங்கள் என்று போன் செய்தான்.

மறுநாள் எனக்கு வாராந்திர ஓய்வு. சுவேதாவையும் பூபாலனையும் கூட்டிக்கொண்டு நானும் பயணியாகப் பஸ்ஸில் இறங்கினேன். அருணகிரி கடைக்கு எதிர்த் தெருவில் திரும்பினால் ரேணுகாதேவி வீடு. துண்டு கிடைத்தால் அப்படியே நடந்துபோய்க் காட்டிவிட்டு, மகளை அங்கேயே விட்டுவிட்டு வரலாம் என்று பாஞ்சாலை சுவேதாவின் துணிப்பையையும் கொடுத்து அனுப்பியிருந்தாள். பையில் இந்த வருஷத்துப் புளி ஒரு பொட்டலமும் இருந்தது.

கடையில் ஒவ்வொரு துண்டாகப் போட்டான் அருணகிரி. முதலில் சாம்பார் வாளி ஒன்று ரொம்ப நேரம் வந்தது. பிறகு பூபாலனின் கட்டைவிரல். பிறகு அவன் கடன் வாங்கி வந்த டிரோன் மேலே எழும்பி, மண்டபத்துப் பெயர்ப்பலகையில் முட்டி, எல்லோருடைய செருப்பின் மேலும் விழுந்தது. தாலி கட்டியது இல்லை. மேளம் இல்லை. யாரோ ஒரு குழந்தை லட்டை இரண்டாகப் பிளந்து பெரியதைத் தம்பிக்குக் கொடுப்பது இருந்தது. பூபாலன் அதைப் பார்த்து, ‘நல்லா எடுத்திருக்கேன் இல்ல மாமா’ என்பதுபோல் என் பக்கம் திரும்பினான். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அதற்கு அடுத்ததுதான் அது. வேன் நிற்கிறது. கோபால்சாமி இறங்குகிறார். நான் மாலையோடு வருகிறேன், கும்பிடுகிறேன், போடுகிறேன். கண்ணாடி தொங்குகிறது. தமிழ்மணி பையைக் கீழே வைத்துவிட்டு, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே கண்ணாடியை எடுத்து மாமனுக்கு மாட்டுகிறார். அவருக்குப் பின்னால், வேனின் கதவைப் பிடித்தபடி, பட்டுச்சேலையில் ரேணுகாதேவி நிற்கிறார். தம்பியின் கழுத்து மாலையைப் பார்த்துச் சந்தோஷமாகத் தலையை ஆட்டுகிறார்.

நான் அழுதுவிட்டேன். சொல்ல வெட்கமில்லை. பூபாலன் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, “சொன்னேன் இல்ல மாமா? பங்காளி கைவிட மாட்டான்” என்றான். அருணகிரி தன் தலைமுடியைக் கோதிக்கொண்டான். அவன் அதை ஒரு பென்டிரைவில் போடக் கிளம்பியபோது சுவேதா வேண்டாம் என்றாள். மறுபடி ஒரு தரம் போடச் சொன்னாள். இரண்டாவது தரம் அவள் மாலையைப் பார்க்கவில்லை, மாமியாரையும் பார்க்கவில்லை. சிரிக்கிற தன் புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். எனக்கு என்ன செய்யப்போகிறாள் என்று புரிவதற்குள் அந்தத் துண்டை அழித்தாள். கம்பெனி வழக்கம்போல் கேள்வி கேட்டது. பூபாலன் பதறிக் கிட்டே வந்தான், அந்தக் கேள்வியை இந்த முறை அவனுக்கு அடையாளம் தெரிந்திருந்தது. சுவேதா பி.காம். படித்தவள். கேள்வியை முதலிலிருந்து கடைசிவரை நிதானமாகப் படித்தாள். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும், கூடையிலிருந்தும் போய்விடும், பிறகு திரும்ப வராது, சம்மதமா என்று அது கேட்டிருக்கிறது. படித்து முடித்துவிட்டு ‘ஆம்’ என்று அழுத்தினாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அதற்குள் அவள் போனை எடுத்துத் தமிழ்மணிக்குப் போட்டுவிட்டாள். கடைக்குள் எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள்.

“வீடியோ போய்டுச்சுங்க. இனிமே வராது. மாலை போட்டதை நீங்க உங்கம்மாகிட்ட உங்க வாயால சொல்லிட்டு, மேல வந்து என்னைக் கூட்டிட்டுப் போங்க.”

அந்தப் பக்கம் ஷோரூமில் யாரோ வண்டியை முறுக்கிப் பார்க்கிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் அடங்கியதும் தமிழ்மணி, “வீடியோ இல்லாம அம்மாகிட்ட இன்னான்னு சொல்றது, சுவேதா?” என்று கேட்டார்.

“பார்த்ததைப் பார்த்தேன்னு சொல்லணும். அதுக்கு நெட்டு வேணாம்” என்றாள்.

போனை வைத்துவிட்டுத் துணிப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். மேலே போகிற பஸ் எத்தனை மணிக்கு அப்பா என்று என்னைக் கேட்டாள்.